பத்து சென்ட் மூன்று சென்ட்டான கதை

பாறசாலைப் பக்கத்தில், எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வார்டின் கிராம சபைக் கூட்டத்துக்கு நம் சங்கத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். விஷயம் இதுதான். ரப்பர் மரங்களை வெட்டி மாற்றிய ஒன்றரை ஏக்கர் விளை ஒன்று அங்கே கிடக்கிறது. அதை வாங்கி நிலமில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்திருக்கிறது. பட்டியலில் உள்ளவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். கொத்தனார், கையாள், சூளைத் தொழிலாளி, ரப்பர் வெட்டுகிறவர், தறிக்காரர். ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்து, மழைக்காலத்தில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விடிய வைக்கிறவர்கள்.

கூட்டத்தில் ஓர் எதிர்ப்பு மனு வாசிக்கப்பட்டது. 'ஜனசாந்திரதை' என்ற மலையாளச் சொல் அதில் ஏழெட்டு இடத்தில் வந்தது. மக்கள் நெருக்கம் என்று பொருள். இத்தனை குடும்பங்கள் ஒரே விளையில் வந்து இறங்கினால் சுற்று வட்டாரத்துக் கிணறுகள் வற்றும், கக்கூஸ் தண்ணீர் ஊறி வரும், பத்தடிப் பாதையில் வண்டிகள் முட்டிக்கொள்ளும், பள்ளியில் இடம் போதாது என்று மனு அடுக்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒருவர் எழுந்து, "இங்கே ஒரு காலனி வேண்டாம்" என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். 2024 ஜூனில் அன்றைய அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன், தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புகளைக் 'காலனி' என்று அழைக்கக் கூடாது என உத்தரவு போட்டார். 2025 ஏப்ரலில் தமிழக சட்டசபையிலும் முதலமைச்சர் ஸ்டாலின் அதே போன்ற அறிவிப்பைச் செய்தார். சர்க்கார் ஏட்டிலிருந்து எடுத்த சொல்லை நாக்கிலிருந்து எடுக்க எந்த உத்தரவு வேண்டுமோ தெரியவில்லை.

ஆனால் தோழர்களே, எங்களைச் சுட்டது அந்தச் சொல் அல்ல. மனுவின் நகலை வாங்கிப் பார்த்தோம். முதல் பத்துக் கையெழுத்துகளில் இரண்டு நம் சங்கத்துக்காரர்களுடையவை! இருவரும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கைப்பையோடு இந்தப் பக்கம் வந்து, வாடகை அறையில் கிடந்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஐந்து சென்ட் வாங்கி வீடு வைத்தவர்கள்.

நாகர்கோவில் பாசஞ்சரில் தினமும் காண்கிற காட்சிதான் இது. இரணியலில் தள்ளுமுள்ளு செய்து ஏறினவர், குழித்துறையில் வண்டி நின்றதும் வாசலில் கையை வைத்துக்கொண்டு "இடமில்லை, அடுத்த பெட்டி" என்கிறார். நமக்கு அவர்மேல் கோபம் வருகிறது. அதே சமயம், பெட்டியில் உண்மையாகவே இடம் இல்லை என்பதையும் மறைக்க முடியாது. பெட்டிகளைக் குறைத்தவன் யார் என்ற கேள்வியை மட்டும் உள்ளே நிற்கிறவனும் கேட்பதில்லை, வெளியே நிற்கிறவனும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம்.

கேரளத்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969-ல் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1-ல் முழு அளவில் அமுலுக்கு வந்தபோது, பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த குடிகிடப்புக்காரனுக்கு அந்த இடத்தை வாங்கும் உரிமை கிடைத்தது. எவ்வளவு இடம்? பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட். சிறு நகரசபைகளில் 5 சென்ட். மாநகரத்திலும் பெரிய நகரசபைகளிலும் 3 சென்ட். ஒரு குடும்பம் மனிதராக வாழக் கிராமத்தில் 10 சென்ட் வேண்டும் என்று அன்றைய சட்டம் கணக்குப் போட்டது. ஒரு கிணறு, ஒரு கக்கூஸ், நாலு தென்னை, ஒரு மூடு பலா, ஆட்டுக்கு ஒரு கொட்டில். இறந்தால் புதைக்க ஆறடி. எல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்கும். அந்தச் சட்டத்தால் இன்று இந்த எல்லையோரத்தில் தலை நிமிர்ந்து நிற்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அதை எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த உரிமை அன்று குடிசை இருந்தவனுக்கு. பிறகு பிழைப்புத் தேடி வந்தவனுக்கு அதில் இடமில்லை. அதனால்தான் 1972-ல் அச்சுத மேனன் மந்திரிசபை 'லட்சம் வீடு' திட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டு வசதி அமைச்சராக இருந்த எம். என். கோவிந்தன் நாயரின் பெயரோடு அது இன்றும் பேசப்படுகிறது. நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கு வீடு என்பது பெரிய காரியம்தான். நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரே சுவரை நடுவில் வைத்து இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று கட்டிய இரட்டை வீடுகள் ஏராளம். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகி, அதே வீட்டின் பின்புறம் தகரம் சாய்த்து இன்னொரு குடும்பம் உண்டாயிற்று. பின்னாளில் அந்த இரட்டை வீடுகளைப் பிரித்து ஒற்றை வீடாக்கச் சர்க்காரே தனியாகத் திட்டம் போட வேண்டி வந்தது.

அடுத்த படி 2013 செப்டம்பர். 'நிலமற்றோர் இல்லாத கேரளம்' என்று விழா எடுத்தார்கள். டெல்லியிலிருந்து தலைவர் வந்து தொடங்கி வைத்தார். குடும்பத்துக்கு எவ்வளவு? 3 சென்ட். 1970-ல் மாநகரத்து நெரிசலுக்கு என்று வைத்த அளவு, 2013-ல் காட்டிலும் மேட்டிலும் இருக்கிறவனுக்கும் அளவாகிவிட்டது. அதற்கும் அடுத்த படி, லைஃப் மிஷனின் அடுக்குமாடி. 2023 ஏப்ரலில் கடம்பூர், புனலூர், விஜயபுரம், கரிமண்ணூர் ஆகிய நான்கு இடங்களில் 174 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். சாவி வாங்கிய பெண்களின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி பொய்யல்ல. ஆனால் கரம் தீர்க்க ஒரு சென்ட் மண் கிடையாது.

பத்து, மூன்று, சுழி. ஐம்பது ஆண்டுகளில் ஏழையின் மண் இப்படி இறங்கியிருக்கிறது. இப்போது அவனைப் பார்த்து, "நீ நெருக்கமாக வாழ்கிறாய், ஊருக்கு ஆகாது" என்று மனு எழுதுகிறார்கள்.

நிலம் இல்லை, மக்கள் பெருகிவிட்டார்கள், அதனால்தான் என்று ஒரு பதில் வரும். ஜனநெருக்கம் உண்மைதான். 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுமைக்கும் சதுர கிலோமீட்டருக்கு 382 பேர். கேரளத்தில் 860. திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,500. எல்லையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,100-க்கு மேல். ஆனால் இதே மாநிலத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வயலை நிரப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் அந்தச் சட்டம், வேறு நிலமில்லாத உடைமையாளன் வீடு கட்ட மட்டும் விலக்குக் கொடுக்கிறது. எவ்வளவு? பஞ்சாயத்தில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட். அதாவது சொந்தமாக வயல் இருப்பவனுக்கு 2008-லும் ஒரு வீட்டுக்கு 10 சென்ட் வேண்டும். வயல் இல்லாதவனுக்கு 2013-ல் 3 சென்ட் போதும்! இதற்கு ஜனநெருக்கம் காரணமா?

3 சென்ட் என்றால் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். டிக்கெட் கணக்குப் பார்த்தே பழகிய கைகள் எங்களுடையவை, தப்பு வராது. ஒரு சென்ட் நாற்பதரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று சென்ட் 121 சதுர மீட்டர், பதினொரு மீட்டருக்குப் பதினொரு மீட்டர். கட்டிட விதிகள் குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே 7.5 மீட்டர் தூரம் கேட்கின்றன. நல்ல விதி. ஆனால் கிணற்றை நடுவில் வைத்து 7.5 மீட்டரில் ஒரு வட்டம் போட்டால் அந்த வட்டமே 176 சதுர மீட்டருக்கு மேல், நாலேகால் சென்ட்டைத் தாண்டிவிடும். மூன்று சென்ட்காரன் தன் கிணற்றுக்கு விதிப்படி இடம் விட வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரன் கக்கூஸுக்குப் போகக் கூடாது. கேரளத்தில் பத்தில் ஆறு வீடுகள் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருப்பதாக 2011 கணக்கெடுப்புச் சொல்லிற்று. எனவே எதிர்ப்பு மனுவில் கிணற்றைப் பற்றி எழுதியது வெறும் சாக்கு என்று நாம் தள்ளிவிடலாகாது. நம் தோழர்கள் இருவரும் அதற்குத்தான் பயந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத் திருப்பிவிட்ட திசைதான் தவறு.

மூன்று சென்ட் என்றதும் நெய்யாற்றின்கரையில் யாருக்கும் ஒரு நினைவு வராமல் போகாது. 2020 டிசம்பர் 22. நெல்லிமூட்டில் மூன்று சென்ட் இடத்தில் வீடு வைத்திருந்த ஒரு குடும்பத்தைக் கோர்ட்டு உத்தரவோடு காலி செய்ய வந்தபோது, கணவன் தன்மீதும் மனைவிமீதும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு நின்றான். தீப்பிடித்தது. சில நாட்களுக்குள் இருவரும் போய்விட்டார்கள். அதே மண்ணில் அப்பனுக்குக் குழி தோண்டிய பையனின் படம் நாடு முழுவதும் போயிற்று. வழக்கின் நியாய அநியாயம் வேறு. நாம் சொல்வது, மூன்று சென்ட்டுக்காக உயிரை வைத்துப் பேச வேண்டிய நிலைக்கு இந்த வட்டாரத்து ஏழை வந்து சேர்ந்திருக்கிறான் என்பதுதான். குழி தோண்டவும் அந்த மூன்றுக்குள்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

நெருக்கம் என்பதே பாவம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களுக்குப் போய்ப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராம வர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி நாஞ்சில் பக்கத்திலிருந்து நெசவுக் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார். நம்மவர்கள், நமக்கு முன்னே வந்த வந்தேறிகள்! வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும். ஆனால் வாசலில் தெரு உண்டு. பாவு நீட்டிக் கட்டிக் கஞ்சி போட அந்தத் தெரு வேண்டும் என்பதால் அதை யாரும் அடைக்கவில்லை. வீடு குறுகினாலும் பொது இடம் அகலமாக இருந்தது. தொழில் அங்கேயே இருந்தது. இருநூறு வருஷம் கழிந்தும் அந்தத் தெருக்களின் பெயரில் வேட்டி விலை போகிறது. சிங்கப்பூரில் நம் தமிழர்கள் உள்படப் பத்தில் எட்டுப் பேர் 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வாரியத்தின் அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். அங்கேயும் நெருக்கம்தான். ஆனால் கீழே கடை, சந்தை, பள்ளி, பஸ் எல்லாம் சேர்த்துத் திட்டம் போட்டார்கள். சென்னையில் 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்தபோது அதைச் செய்யவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண் விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறினாள். பலர் வேலையை இழந்தார்கள்.

நெருக்கத்தில் இன்னொரு ஜாதி உண்டு, அது எஸ்டேட் லயம். மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மலை சரிந்து லயங்களில் தூங்கிய 70 பேர் மாண்டார்கள். கயத்தாறு பக்கத்து நம் சொந்தங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே அறையில் வாழ்ந்தும் சொந்தமென்று ஒரு சென்ட் இல்லாதவர்கள். கடல் தாண்டி இலங்கை மலையகத்தில் லயத்துக்குப் பதில் தனி வீடு என்று வந்தபோது 7 பேர்ச் என்றார்கள். நம் கணக்கில் நாலேகால் சென்ட்டுக்குச் சற்று மேல். போதாது என்று குரல் எழும்பியது. இந்திய உதவியில் வந்த பத்தாயிரம் வீட்டுத் திட்டத்தில் அது 10 பேர்ச் ஆயிற்று, அதாவது ஆறேகால் சென்ட்.

குரல் எழுப்பினால் சென்ட் கூடும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை உருக்குலைந்தன. கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டில் நகரியம் கட்டி வீட்டுக்கு 5 சென்ட் என்று முதலில் அறிவித்தார்கள். மக்கள் ஏற்கவில்லை. 2025 பிப்ரவரியில் மந்திரிசபை 7 சென்ட் என்று மாற்றிற்று. மார்ச் 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். எல்லாம் இழந்து முகாமில் கிடந்த மக்கள் இரண்டு சென்ட் கூட்டி வாங்கினார்கள். அவர்களில் யாரும் "நெருக்கம், ஆகையால் வீடே வேண்டாம்" என்று மனு எழுதவில்லை. "நெருக்கம், ஆகையால் நிலத்தைக் கூட்டு" என்றார்கள்.

கூட்டம் முடிந்த பிறகு நாங்கள் பட்டியலில் உள்ள குடும்பங்களை அழைத்து உட்கார்ந்தோம். ஒன்றரை ஏக்கர் என்பது 150 சென்ட். பாதைக்கு 25 போகட்டும், சவ வண்டியும் ஆம்புலன்ஸும் உள்ளே வர வேண்டாமா? பொதுக் கிணறு, பொதுக் கழிவுத் தொட்டி, கொத்தனார்கள் சாமான் வைக்க ஒரு ஷெட், பிள்ளைகள் ஓட ஒரு திடல், இதற்கு 20. மிச்சம் 105. மூன்று சென்ட் வீதம் 35 குடும்பம். ஐந்து வீதம் 21 குடும்பம். நாலு வீதம் 26.

ஐந்துதான் கேட்க வேண்டும் என்று எங்களில் இருவர் வாதாடினார்கள். அப்போது சூளையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி எழுந்து கேட்டது: "அண்ணா, மூணு சென்ட்டானாலும் என் பேருல கரம் தீர்த்த ரசீது வருமே. அஞ்சுன்னு நீங்க கேட்டு, நான் அடுத்த பட்டியலுக்குப் போனா, அதுக்குள்ளே என் பொண்ணுக்குக் கல்யாண வயசு வந்துராதா?" பதில் சொல்ல எங்களுக்கு நேரம் பிடித்தது. கொள்கை பேசுகிறவனுக்குக் காத்திருப்பது சுலபம். வாடகை கொடுக்கிறவளுக்கு அப்படியல்ல.

கடைசியில் நாலு சென்ட், 26 குடும்பம் என்று முடிவு செய்தோம். வரிசை வீடு, ஒட்டுச் சுவர் இருக்கட்டும், பாலராமபுரம் போல. மேலே ஒரு மாடி ஏற்றத் தாங்கும் அஸ்திவாரம் போட வேண்டும், பையனுக்குக் கல்யாணமானால் தகரம் சாய்க்க வேண்டாம். பட்டயம் பெண் பெயரிலும் சேர்ந்து வர வேண்டும். இது ஒருமனதான முடிவல்ல என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். மூன்று சென்ட் கணக்கில் இருந்த ஒன்பது குடும்பங்கள் இந்த முறை வெளியே நிற்கும். அவர்களுக்கு அடுத்த விளையைப் பஞ்சாயத்து எப்போது பார்க்கும் என்று அதே மனுவில் கேட்டிருக்கிறோம். யார் முன்னே யார் பின்னே என்பதைக் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும், அறைக்குள் முடிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வராமல் சபை செல்லாது. நம்மவர்கள் பாதிப்பேர் கூலி போகும் என்று அன்று வரவில்லை. எதிர்ப்பு மனுக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறோம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையோர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. ஆகவே மாநில அலுவலகத்துக்குப் போகும் பிரதி தமிழ். பஞ்சாயத்து ஆபீசில் கொடுப்பதற்கு மட்டும் ஒரு மலையாளப் பிரதியும் தயார். கட்டிட வரைபடத்தை நகரசபையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளி அண்ணன் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தார். கிணற்று வட்டத்தைக் காம்பஸ் வைத்துப் போட்டுக் காட்டியதும் அவர்தான்.

கையெழுத்துப் போட்டிருந்த நம் தோழர்கள் இருவரையும் வீட்டில் போய்ப் பார்த்தோம். வரைபடத்தில் கழிவுத் தொட்டி தம் கிணற்றிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி வருகிறது என்று ஒருவர் மூன்று முறை கேட்டார். நாடாவைப் பிடித்து நேரிலே அளந்து காட்டினோம். எதிர்ப்பு மனுவிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டார். மற்றவர் காப்பி கொடுத்தார், பழைய கதையெல்லாம் பேசினார், மனுவைப் பற்றி மட்டும் பேசவில்லை. வரும் ஞாயிறு மீண்டும் போகிறோம். பட்டியலில் பெயர் உள்ளவர்கள் ரேஷன் கார்டோடு காலை பத்து மணிக்குச் சங்கத்துக்கு வந்துவிடுங்கள், சேர்ந்தே போகலாம்.